திறக்காத தூக்குவாளி

டிரைவர் பகலவன் வந்து சத்தம் போட்டிருந்தால்கூட எழில்மொழிக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும். அவன் சத்தம் போடவில்லை. காலையில் மாடிப்படி ஏறி வந்தான், செருப்பை வெளியே விட்டான், உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றான்.

"நான் எடுக்கலைங்க" என்றான்.

அவள் பதிலைத் தேடிப் பிடிப்பதற்குள் இறங்கிப் போய்விட்டான். மதியமும் ஆகிவிட்டது. தயிர்சாதமும் மாவடுவும் திறந்த டப்பாவில் அப்படியே கிடந்தன.

எதிர் நாற்காலியில் காதர் மைதீன் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். எழில்மொழியின் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் உதவியாளர், ஓட்டுநர், கணினிப் பிரிவு எல்லாம். ரம்ஜான் மாதம் என்பதால் இப்போது நோன்பாளியும்கூட.

"மேடம், பட்டினி கிடக்கிறது என் டிபார்ட்மென்ட்."

"இறங்கல காதர்."

"அப்ப மூடியாவது போடுங்க. மாவடு வாசனை என் நோன்பைக் கையப் பிடிச்சு இழுக்குது."

அவள் மூடினாள். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

விவகாரம் இதுதான். மீரா உசேனுக்குத் தஞ்சாவூரில் டைல்ஸ் கடை. கடை பெரிது, அவருடைய ஆசை அதைவிடப் பெரிது. மற்றவர்கள் சம்பாதித்து மனை வாங்குவார்கள், இவர் பாப் சிற்பம் வாங்குவார். நாம் தினமும் புழங்குகிற சாமான்களைக் கலைஞர்கள் சிற்பமாகச் செய்து, ஐந்தோ எட்டோ பிரதிகளோடு அச்சை உடைத்துவிடுவார்கள். அதில் ஒன்று கிடைத்துவிட்டால் மீரா உசேனுக்கு இரண்டு பெருநாள் சேர்ந்து வந்த மாதிரி. அவர் வீட்டுக் கூடத்தில் தலையணை அளவுக்கு ஒரு ஃபைபர் இட்லி இருக்கும். வெண்கலத்தில் கொசுவத்திச் சுருள் இருக்கும். பளிங்கில் செய்த ஒரு ஜோடி ஹவாய் செருப்பும் இருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் அதன் பக்கத்திலேயே தங்கள் செருப்பைக் கழற்றி விடுவதும் உண்டு.

அந்தக் கூட்டத்தின் ராஜா ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. சென்னையில் ஒரு பெண் சிற்பி செய்தது, மொத்தமே எட்டு. நிஜ வாளிதான். ஆனால் மூடியைப் பற்றவைத்து, உள்ளே ஏதோ ரசாயனக் குழம்பை ஊற்றி இறுக வைத்திருந்தாள். தூக்கினால் கஞ்சி நிறைந்த வாளியின் கனம் இருக்கும், திறக்க மட்டும் முடியாது. பழைய கீறல், ஒடுக்கு எல்லாம் கையால் செய்தது. "ஆயிரம் வாளிக்கு நடுவுல வச்சாலும் என் கண்ணு இதைக் கண்டுபிடிச்சிடும்" என்று மீரா உசேன் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வாரம் அந்த வாளி இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் எறும்புச் சாரை போனது. அப்புறம் வாடை வந்தது. பெட்டியைத் திறந்து வாளியைத் தொட்டால், திறக்கக் கூடாத மூடி திறந்துகொண்டது. உள்ளே புளித்துப்போன நோன்புக் கஞ்சி. சிற்பத்தை எவனோ அடித்துக்கொண்டு போய்விட்டு, அதே மாதிரி சாதாரண வாளியை வைத்திருக்கிறான் என்று வீடே அலறியது. எழில்மொழியைக் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதே கூடத்தில், மீரா உசேன், அவர் மனைவி ஹுமைரா, கடை ஆட்கள், டிரைவர் பகலவன் எல்லோரையும் நிற்க வைத்து அவள் பேசினாள். "எடுத்தவன் வெறும் வாளிய வச்சிருக்கலாம். ஏன் கஞ்சி ஊத்தி வச்சான்? கனம் சரியா இருக்கணும்னு. அப்போ சிற்பத்தோட கனம் கைக்குத் தெரிஞ்ச ஆளுதான் எடுத்திருக்கணும்" என்றாள். சென்னையிலிருந்து அதைக் காரில் கொண்டுவந்து தன் கையால் இறக்கியவன் பகலவன். பள்ளிவாசலிலிருந்து தினமும் கஞ்சி வாங்கி வருகிறவனும் அவனே. பெட்டிச் சாவியும் கார்ச் சாவியும் ஒரே ஆணியில் தொங்கின. எல்லாருடைய தலையும் ஒன்றாக அவன் பக்கம் திரும்பியது. மீரா உசேனுக்கே அதிர்ச்சி. எழில்மொழிக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோய்விட்டார். "மாமா, நோன்பு" என்று காதர்தான் கையைப் பிடித்தான்.

அன்றைக்கு எழில்மொழிக்குத் தன் குரலே இனித்தது. இன்றைக்கு அதை நினைத்தால் கசந்தது. கனத்துக்கு என்றால் தண்ணீர் போதாதா, மணல் போதாதா? கஞ்சி ஊற்றினால் மறுநாளே நாறும் என்று தெரியாதவன் உண்டா? சீக்கிரம் மாட்டிக்கொள்வதற்கென்றே எவனாவது திருடுவானா? இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை யோசிக்காமல் செவ்வாய்க்கிழமை யோசித்து என்ன பயன் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

பகலவனுக்கு ஓமனில் டிரைவர் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் நற்சான்று வந்தால் விமானம் ஏறலாம். மீரா உசேன் புகாரை டைப் அடித்து வைத்திருந்தார். இரண்டு தடவை தள்ளிப்போட்டவர், இன்று நோன்பு திறந்ததும் ஸ்டேஷனில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். புகாரில் அவன் பேர் ஏறிவிட்டால் ஓமன் கனவு அத்தோடு சரி.

கீழே பாத்திரக்கடை. வாங்கிய குடத்திலும் குண்டானிலும் பேர் வெட்டுகிற மெஷின் நாள் பூராவும் கர்ரென்று கத்தும். வாடகைக்கு வந்த நாளிலிருந்து கேட்டுக் கேட்டு எழில்மொழியின் காதில் அது விழுவதே இல்லை. இப்போது விழுந்தது. அவள் சட்டென்று எழுந்தாள்.

"காதர், அந்தக் கஞ்சி வாளியக் கவுத்துப் பார்த்தோமா?"

"மோந்து பார்த்தோம். அதுவே போதும்னு இருந்துச்சு."

"வண்டிய எடு."

மீரா உசேன் கடைக்குப் போயிருந்தார். ஹுமைரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். ஆதாரம் என்று அவள் கணவர் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டுப் பரண்மேல் வைத்திருந்த வாளியை எடுத்துக் கொடுத்தாள். காதர் மூக்கைப் பொத்திக்கொண்டு முடிச்சை அவிழ்த்தான். எழில்மொழி வாளியைக் கவிழ்த்தாள்.

அடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது: பஞ்சநதம் – அகிலாண்டம்.

நம் வீடுகளில் வாளி மாறிப்போனால் சின்னப் பிள்ளைகூட முதலில் அடியைத்தான் பார்க்கும். எழில்மொழி கனத்தைப் பார்த்தாள், சாவியைப் பார்த்தாள், பகலவன் முகத்தைப் பார்த்தாள். அடியைப் பார்க்கவில்லை. புத்தி கூடிப்போனால் இப்படித்தான் ஆகும் என்று அவளுக்கு உறைத்தது.

"அகிலாண்டம் யாருங்க?"

"பின் தெருவுல ரவிக்கை தைக்கிற அக்கா" என்றாள் ஹுமைரா. "நோன்பு மாசம் பூரா அவங்க வாளி எங்க வீட்டுக்கு வந்துடும், கஞ்சி ஊத்திக் குடுப்பேன். போன வாரம் திருவையாத்துல தம்பி வீட்டுக்கு உளுந்து பறிக்கப் போனாங்க. அவங்க வாளி எப்படி இங்க இருக்கு? அவங்கதான் வாங்கிட்டுப் போயிட்டாங்களே."

"அதைத்தான் நானும் தெரிஞ்சுக்கப் போறேன். பாய்க்கு இப்போ ஒண்ணும் சொல்ல வேணாம்."

ஸ்கூட்டர் திருவையாற்றுச் சாலையில் பறந்தது. பாலத்துக்குப் பாலம் காதர் பெருமூச்சு விட்டான். மேட்டூர் அணையை மூடி மாதக்கணக்காகிவிட்டது, எல்லா ஆற்றிலும் மணல்தான்.

"அஞ்சு ஆறு தாண்டறோம் மேடம், ஒண்ணுலயும் தண்ணி இல்ல. அதுங்களும் எனக்காக நோன்பு வச்சிருக்கு போல."

"காதர், அந்தப் பையன் காலையில வந்து நின்னப்போ நான் உட்காருன்னுகூடச் சொல்லல."

காதர் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.

அறுப்பு முடிந்த வயலில் உளுந்துச் செடி காய்ந்து கறுத்திருந்தது. களத்து ஓரம் ஒரு பூவரச மரத்தடியில் பெண்கள் பறித்த செடியைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய அம்மாள் ஒருத்தி எழில்மொழியின் கையிலிருந்த வாளியைப் பார்த்தாள். பார்த்ததும் கையிலிருந்த செடி நழுவியது.

"நான் வேணும்னு பண்ணலம்மா" என்றாள், யாரும் ஒன்றும் கேட்பதற்கு முன்பே.

அவள்தான் அகிலாண்டம். தம்பி வீட்டுக்குள் போய், பழைய புடவையில் சுற்றிய ஒன்றை எடுத்து வந்து அவர்கள் முன்னால் வைத்தாள். உள்ளே தூக்குவாளி. மூடியின் விளிம்பு ஒரு பக்கம் பிளந்து நெளிந்திருந்தது, மேலே நாலைந்து இடத்தில் குழி விழுந்திருந்தது. அடியில் பேர் இல்லை. ஐந்து, ஒரு சாய்வுக் கோடு, எட்டு என்று மட்டும் வெட்டியிருந்தது.

காதர் குனிந்து பார்த்தான். "எட்டுல ஒண்ணா இருந்தது. இப்ப உலகத்துலேயே ஒண்ணே ஒண்ணு."

"சும்மா இரு. எப்படிம்மா இது உங்க கைக்கு வந்துச்சு?"

"கஞ்சி வாங்கப் போனேன். ஹுமைரா அடுப்படியில இருந்துச்சு. பாய்தான் எடுத்தாந்து குடுத்தாரு. என் வாளி இருந்த மேசைமேலயே இன்னொரு வாளிய வச்சு என்னமோ போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாரு, கையில வெள்ளை உறை மாட்டியிருந்தாரு. பாங்கு சொல்லப் போற நேரம். 'ஊத்தி வச்சிருக்கு, கொண்டு போங்க'ன்னு ஒண்ணை என் கையில குடுத்துட்டு, இன்னொண்ணைத் தூக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினாரு."

எழில்மொழி கண்ணை மூடிக்கொண்டாள். கலைப்பொருளை வெறும் கையால் தொடக் கூடாது என்று மீரா உசேன் உறை போடுவார். கஞ்சியின் சூடு அந்த உறையைத் தாண்டி அவர் கைக்கு எட்டியிருக்காது. கனமோ இரண்டுக்கும் ஒன்று. திருடனே இல்லாத வீட்டில் அவள் ஒரு திருடனை உண்டாக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"வீட்டுக்கு வந்து பார்த்தா நம்ம வாளி இல்ல" என்றாள் அகிலாண்டம். "மூடியும் வரல. கரண்டிக் காம்பால நெம்பினேன், திருப்புளி வச்சுத் தட்டினேன். அடுத்த வீட்டு ஏனம் இப்படி நசுங்கிப்போச்சு."

"அன்னிக்கே திருப்பிக் குடுத்திருக்கலாமே?"

அந்த அம்மாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "எப்படிம்மா குடுக்கிறது? கஞ்சி குடுத்த வீட்டு வாளிய வெறுசா நீட்ட முடியுமா, எதையாவது போட்டுத்தானே குடுக்கணும். புது உளுந்து போட்டுக் குடுக்கலாம்னுதான் இங்க தூக்கியாந்தேன். திறந்தாத்தானே போடுறதுக்கு."

"ஒரு படி உளுந்து உள்ள போகாததால ஒருத்தன் உள்ள போகப் பார்த்தான்" என்றான் காதர்.

அகிலாண்டத்தின் இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவள் பதறி, புடவைத் தலைப்பால் அதை மூடினாள்.

"யாரும்மா?"

"பாய்தான். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து விடாம கூப்பிடறாரு. நான் எடுக்கல. நசுங்கினது எப்படியோ தெரிஞ்சுபோச்சு, அதைக் கேட்கத்தான் கூப்பிடறாருன்னு பயம்."

எழில்மொழி போனை வாங்கினாள். திரையில் மீரா உசேனின் பேர் மேலிருந்து கீழே வரைக்கும் வரிசையாக நின்றது. தள்ளித் தள்ளிப் போனதில் முதல் அழைப்பு கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை, அவளும் காதரும் அவர் வீட்டு கேட்டைத் தாண்டி வெளியே வந்த நேரம்.

அவள் போனைக் காதரிடம் காட்டினாள். "காதர், வாளியத் தொலைச்சவரு, வாளி இருக்கிற ஆளுக்கே போன் போட்டிருக்காரு."

"மூணு நாளா" என்றான் காதர். அவன் முகத்திலிருந்த விளையாட்டு இறங்கிவிட்டது. "அன்னிக்கு அவரு தண்ணிய எடுத்தது உங்க பேச்சைக் கேட்ட அதிர்ச்சியில இல்ல மேடம். எல்லாம் ஞாபகம் வந்துடுச்சு அவருக்கு."

கிளம்பும்போது அகிலாண்டம் ஒரு துணிப்பையில் உளுந்தைக் கட்டி வாளியின் பிடியில் மாட்டிவிட்டாள். உள்ளே போடத்தான் முடியவில்லை, கூடவாவது போகட்டும் என்றாள். ஹுமைராவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லச் சொன்னாள்.

மீரா உசேன் வீட்டுக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. கேட்டுக்குப் பக்கத்தில் பகலவன் உட்கார்ந்திருந்தான். கார்ச் சாவி அவனிடம் இல்லை, ஊரைவிட்டு எங்கேயும் போகாதே என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். எழில்மொழி அவனைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நிமிர்ந்து பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கூடத்தில் மேசைமேல் பேரீச்சம்பழத் தட்டும் அதன் பக்கத்தில் டைப் அடித்த புகாரும் இருந்தன. மீரா உசேன் வாளியைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார், இரண்டு கையாலும் வாங்கினார். உறை போட மறந்துவிட்டார். மூடியைப் பார்த்தவர் மெதுவாக உட்கார்ந்துகொண்டார்.

"எப்போ தெரிஞ்சுது பாய்?" என்று கேட்டாள் எழில்மொழி.

அவர் வாளியின் குழிகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"கனம்னு சொன்னீங்க பாருங்க. அப்போ."

"அப்பவே சொல்லியிருக்கலாம்."

"என்னன்னு மேடம் சொல்றது? ஆயிரத்துல ஒண்ணைக் கண்டுபிடிப்பேன்னு ஊரெல்லாம் சொன்னவன் நான். கஞ்சி வாளிய உள்ள வச்சுப் பூட்டி, அதுக்கு லைட்டும் போட்டு, ரெண்டு நாள் உட்கார்ந்து ரசிச்சிருக்கேன். வந்தவங்களுக்கெல்லாம் காட்டியிருக்கேன். நாளைக்கு அந்தச் சிற்பி வருது, அதோட முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அதுக்காகப் பகலவனைப் பலி குடுத்துட்டீங்களா?"

"புகார் குடுத்திருக்க மாட்டேன். அதனாலதானே தள்ளித் தள்ளிப் போட்டேன். அகிலாண்டம் போனை எடுத்திருந்தா கமுக்கமா வாங்கி வச்சு, கிடைச்சிடுச்சுன்னு சொல்லி முடிச்சிருப்பேன்." அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. "அவன் பேரை நான் சொல்லல மேடம். நீங்க சொன்னீங்க."

அந்த மனிதர் மூன்று நாள் ஒளிந்துகொண்டது எழில்மொழி கட்டிக்கொடுத்த பொய்க்குப் பின்னால்.

பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மீரா உசேனின் கை பழக்கத்தில் பேரீச்சம்பழத்தை எடுத்தது. அடுப்படி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த ஹுமைரா வந்து புகார்க் காகிதத்தை எடுத்தாள், நாலாகக் கிழித்தாள்.

"அவன் வாசல்ல உட்கார்ந்திருக்கான்" என்றாள் கணவரிடம். "சொல்லிட்டு வந்து வாயில வைங்க."

அவர் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே போனார். எழில்மொழியும் பின்னாலேயே போனாள். பகலவன் எழுந்து நின்றான். மீரா உசேன் சொல்ல ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார், திரும்ப ஆரம்பித்து ஒருவழியாகச் சொல்லி முடித்தார். வாளி மாறியது, கொடுத்தது தான்தான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னார். பகலவன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்.

"முதல் தப்பு என்னோடது பகலவன்" என்றாள் எழில்மொழி. "எல்லாரையும் நிக்க வச்சுச் சொன்னேன். அதே எல்லாரையும் நிக்க வச்சு, நான் தப்பாச் சொன்னேன்னு சொல்றேன். ஸ்டேஷன்ல கேட்டாலும் எழுதிக் குடுக்கிறேன்."

"சரிங்க" என்றான் அவன். அதில் கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"வேற என்ன செய்யணும்னு சொல்லுங்க."

அவன் சாலைப் பக்கம் திரும்பினான். "ஞாயித்துக்கிழமையே ஊருக்கு விஷயம் போயிடுச்சுங்க. அப்பா போன் பண்ணினாரு. 'எடுத்தியாப்பா'ன்னு கேட்டாரு. நான் பொறந்ததிலேர்ந்து என்னை அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லைங்க. இல்லப்பான்னு சொன்னேன். துப்பறியறவங்க படிச்சவங்க, சும்மாவா சொல்லுவாங்கன்னாரு. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசல."

காதர் தட்டிலிருந்து எடுத்து வந்த ஒரு பேரீச்சம்பழத்தை நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லாமலே ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தினான். மீரா உசேன் வேண்டாம் என்று தலையாட்டி, உள்ளே போய்க் கார்ச் சாவியை எடுத்து வந்தார். அதைப் பகலவனிடம் நீட்டக் கூச்சப்பட்டு, தானே டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பழம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"உங்க ஊரு வலங்கைமான்தானே?" என்று கேட்டாள் எழில்மொழி. "நாம போய்ச் சேர்றதுக்குள்ள அப்பா தூங்கிடுவாரா?"

"ஞாயித்துக்கிழமையிலேர்ந்து அவரு தூங்கலைங்க" என்றான் பகலவன்.